கதை முடிவதற்குள் குணமாக வேண்டுமா?

திருவாரூர்க் கமலாலயக் குளத்தைத் தூர்வாரிய தண்டியடிகளின் கதையில் சேக்கிழார் ஒரு வேலை நுட்பத்தைச் சொல்கிறார். தண்டியடிகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குளத்துக்குள் மண் வெட்டும் இடத்தில் ஒரு கம்பு நடுகிறார், கரையில் ஒரு கம்பு நடுகிறார், இரண்டையும் கயிற்றால் இணைக்கிறார். மண் நிறைந்த கூடையோடு கயிற்றைத் தடவியபடி கரையேறுகிறார்; கொட்டிவிட்டு அதே கயிற்றைப் பிடித்து இறங்குகிறார். பார்வையற்ற ஒருவர் பிறர் கையை எதிர்பார்க்காமல் தன் வேலையைத் தானே செய்ய அமைத்துக்கொண்ட ஏற்பாட்டை 12-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு தமிழ்க் காப்பியம் இவ்வளவு துல்லியமாகப் பதிந்துவைத்திருக்கிறது.

பிறகு கதை தடம் மாறுகிறது. சமணர்கள் கேலி செய்கிறார்கள். மண்வெட்டியையும் கூடையையும் பறிக்கிறார்கள். அடியார் இறைவனிடம் முறையிடுகிறார். மன்னன் முன்னிலையில் குளத்தில் மூழ்கி எழும்போது அவருக்குக் கண் தெரிகிறது. எதிர்த்தவர்களுக்குப் பார்வை போய்விடுகிறது. பக்திக்குப் பரிசாகப் பார்வை, பழிக்குத் தண்டனையாகப் பார்வையின்மை. மக்கள் நினைவில் நின்றது இந்த அற்புதம்தான். கயிற்றைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி நாம் சொல்லிவந்த கதைகளின் வரலாறு இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடுகிறது. ஒரு பக்கம் அற்புதம், சாபம், தியாகம், மரணம். மறுபக்கம் அன்றாடம்: வேலை, கூலி, பேருந்து, வாடகை வீடு, நட்பு, ஆசை. நெடுங்காலம் முதல் பக்கத்திலேயே நின்றிருந்த நம் புனைவு, கடந்த ஐம்பது ஆண்டுகளில் மெதுவாக இரண்டாம் பக்கம் நகர்ந்திருக்கிறது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டிய நேரம் இது.

அன்று: உடலில் எழுதிய வினை

புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை சொல்கிறார். பார்வையின்மை, கூன், குள்ளம், பேச்சின்மை, செவிடு என எட்டு வகைப் பிறப்புகளை எச்சங்கள் என்று வரிசைப்படுத்தி, அவற்றால் பயனில்லை என்று முன்னோர் சொன்னதாக நினைவூட்டுகிறார். குறையில்லாமல் பிறந்த அரசன் அறம் செய்ய வேண்டும் என்பதுதான் பாட்டின் நோக்கம். ஆனால் அந்த அறத்தைச் சொல்ல எட்டு வகை மனிதர்கள் எடுத்துக்காட்டாக நிற்க வேண்டியிருக்கிறது.

காப்பியங்களும் இதைத் தொடர்ந்தன. கண் தெரியாததால் திருதராட்டிரனுக்கு முதலில் அரியணை மறுக்கப்படுகிறது. அவனுடைய பார்வையின்மையே பிள்ளைப்பாசத்தால் நீதியைக் காணாத மனத்தின் அடையாளமாகவும் ஆகிவிடுகிறது. மந்தரையை நாம் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பதில்லை, கூனி என்கிறோம். சிறுவயதில் இராமன் அவள் முதுகில் மண்ணுருண்டை எய்ததைக் கம்பர் மறைக்கவில்லை. முதுகைக் குறிபார்த்து விளையாடிய பிள்ளை மேல் அவளுக்குக் கோபம் வந்ததன் நியாயத்தைக் கேட்கத்தான் யாரும் இல்லை. கூன் முதுகு தீய மனத்தின் வெளித்தோற்றமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது.

வள்ளுவர் வேறுமாதிரி நினைத்தார். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உறுப்புக் குறைவு யாருக்கும் பழியாகாது, முயற்சி இல்லாமைதான் பழி என்கிறார். இரட்டைப்புலவர்களும் நம் மரபில்தான் இருக்கிறார்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். கண் தெரிந்தவர் வழி சொல்ல, கால் உள்ளவர் அவரைச் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் வெண்பாவின் முன்பாதியைப் பாட, மற்றவர் முடிப்பார். அவர்கள் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் பசி இருக்கிறது, கொடுக்காத செல்வர் மேல் எரிச்சல் இருக்கிறது, குளத்தில் துவைக்கும்போது போன துணியைப் பற்றிய வேடிக்கை இருக்கிறது. தில்லைக் கலம்பகம் பாடிய இருவருக்கும் கடைசிவரை கண்ணோ காலோ கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் புகழ் ஒன்றும் குறையவில்லை. இந்த மரபை நம் கதாசிரியர்கள் பின்பற்றியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்று: வெள்ளித்திரையில் மூன்று முடிவுகள்

திரைப்படம் வந்தபோது பழைய கதை பெரிய உருவத்தில் திரும்பி வந்தது. அது மூன்று முடிவுகளையே மாறி மாறிக் கையாண்டது: தண்டனை, குணமாதல், மரணம்.

1954-இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ எம்.ஆர். ராதாவின் மாபெரும் நடிப்புக்காகக் கொண்டாடப்படும் படம். சாதியையும் பகட்டையும் போலிப் பக்தியையும் அதன் வசனங்கள் கிழித்தன. ஆனால் ஒழுக்கம் தவறிய மோகனசுந்தரத்துக்குக் கதை கொடுத்த தண்டனை தொழுநோய். அந்த நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தது 1873-இல். படம் வந்தபோது அதற்கு மருந்தும் வந்துவிட்டது. ஆனாலும் திரையரங்கை விட்டு வெளியே வந்த லட்சக்கணக்கானவர்கள் மனத்தில், தொழுநோய் என்றால் செய்த பாவம் என்ற பழைய எண்ணம்தான் இன்னும் ஆழமாக இறங்கியது. கதைகள் தனியாக இதைச் செய்வதில்லை; சட்டமும் சமூகமும் உடன் நிற்கும். தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து இந்தியா நீக்கியதே 2019-இல்தான்.

1959-இன் ‘பாகப்பிரிவினை’யில் சிவாஜி கணேசனின் கண்ணையன் வேறு வகை. மின்சாரம் தாக்கி ஒரு கையும் காலும் செயலிழந்தவன். உழைப்பவன், வெள்ளை மனத்தவன், குடும்பத்தின் மனச்சாட்சி. வளைந்த கையோடு அவன் வேலை செய்வதையும் தாலி கட்டுவதையும் குழந்தையைக் கொஞ்சுவதையும் பார்த்து ஊரே உருகியது. அந்த வாழ்க்கை போதாது என்று கதைக்குத் தோன்றிவிட்டது. உச்சக்காட்சியில் மறுபடியும் மின்சாரம் பாய்ந்து கை கால் சரியாகிவிடுகின்றன. அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அரங்கில் அதே வளைந்த கையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்? நல்லவனாக இருந்தால் குணமாகும் என்றால், குணமாகாதவர்கள் யார்?

மூன்றாவது முடிவு மரணம். 1969-இன் ‘தெய்வ மகன்’ படத்தில் முகத்தில் வடுவோடு பிறந்து தந்தையால் விலக்கப்பட்ட கண்ணன், அழகான தம்பியைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். 1990-இன் ‘அஞ்சலி’யில் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை ஒரு குடியிருப்பையே அன்பில் இணைத்துவிட்டு இறந்துபோகிறது. மற்றவர்களைத் திருத்துவதற்காக வந்து, திருத்தி முடித்ததும் போய்விட வேண்டியவர்களாக இவர்கள் படைக்கப்பட்டார்கள். அந்தக் குழந்தை இருபது வயது, நாற்பது வயது வரை வாழ்ந்தால் வீட்டில் என்ன நடக்கும், வயதான தாய்க்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகள் எழாமலே கதை முடிந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் ஆயிரக்கணக்கான பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கேள்விகள்தான்.

இவை போக, சிரிப்புக் காட்சிகளில் திக்குவாய்க்காரரும் காது கேளாதவரும் குள்ளமானவரும் அடிவாங்கிக்கொண்டே இருந்தார்கள். நாயகனின் பாரத்தைக் கூட்ட ஒரு பார்வையற்ற தங்கை இருப்பாள். அவளுடைய திருமணம் அண்ணனின் கடமை, அவளுடைய விருப்பம் கதைக்கு வெளியே. தொலைக்காட்சித் தொடர்களில் கொடுமைக்காரப் பாத்திரம் கடைசியில் சக்கர நாற்காலியில் உட்காரும். பழைய வினைக்கணக்கு மாறவே இல்லை.

திருப்பம்: சப்பாணி கோபாலகிருஷ்ணன் ஆனபோது

1977-இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ ஒரு கிராமத்துக் காட்சியின் வழியாக இந்தக் கணக்கைக் குலைத்தது. கால் தாங்கி நடக்கும் சப்பாணியை ஊரே அந்தப் பெயரால் கூப்பிட்டு வேலை வாங்குகிறது. உன் பெயர் கோபாலகிருஷ்ணன், இனி எவனாவது சப்பாணி என்றால் அறைந்துவிடு என்று நாயகி மயில் சொல்லித்தருகிறாள். அவனும் அறைகிறான். குறை அவன் காலில் இருந்ததைவிட ஊரின் வாயில் அதிகமாக இருந்தது என்பதைத் தமிழ்த் திரை அன்று வெளிப்படையாகச் சொன்னது. அவன் கால் கடைசிவரை அப்படியேதான் இருக்கிறது. மாறியது அவன் நிமிர்வு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1981-இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய ‘ராஜ பார்வை’ வந்தது. கமல்ஹாசனின் நூறாவது படம். ரகு பார்வையற்ற வயலின் கலைஞன். இசைப்பதிவுகளில் வாசித்துச் சம்பாதிக்கிறான், தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்கிறான், காதலிக்கிறான், காதலுக்காகச் சண்டை போடுகிறான். தடையாக நிற்பது பெண் வீட்டாரின் எண்ணம். கண் அறுவைச் சிகிச்சை செய்து கதையை முடித்துவைக்கும் ஆசை படத்துக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் அது வசூலில் தோற்றது. இன்று பார்க்கும்போது அதன் துணிவு தெளிவாகத் தெரிகிறது.

எழுத்தில் இந்தத் திருப்பத்தின் உச்சம் சுந்தர ராமசாமியின் ‘விகாசம்’ என்று தயங்காமல் சொல்வேன். ஒரு ஜவுளிக்கடை. பார்வையற்ற ராவுத்தர் அங்கே மனக்கணக்கால் பில் போடுபவர். விற்பனையாளர்கள் விலையும் அளவும் சொல்லச் சொல்ல, தொகை அவர் வாயிலிருந்து உடனே வந்து விழும். அவர் இல்லாவிட்டால் பண்டிகைக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்ற பெருமை அவருக்கு உண்டு; அதை வைத்து முதலாளியிடம் முறைத்துக்கொள்ளவும் செய்வார். ஒருநாள் கடைக்குள் கணக்குப் போடும் சிறு எந்திரம் வருகிறது. ராவுத்தர் இடிந்துபோகிறார்.

இந்தக் கதையில் அவருடைய நெருக்கடி கண்ணால் வந்ததா? இல்லை. தறி நெய்தவருக்கு ஆலையால் வந்தது போல, ஒரு தொழிலாளிக்குப் புதிய எந்திரத்தால் வந்தது. அவர் மீண்டு வருவதும் தன் திறனால்தான். துணிகளின் விலை, கட்டவேண்டிய தொகைகளின் நாள், மறந்துபோகக்கூடிய கடமைகள் என்று கடையின் முழு நினைவாகவும் ராவுத்தர் ஆகிவிடுகிறார்; கணக்குப் போட்டவர் நிர்வாகி ஆகிறார். பரிதாபம், புனிதம் இரண்டும் இல்லை. கோபக்காரர், கர்வம் உள்ளவர், கடன் கேட்பவர், புத்திசாலி. பார்வையின்மை அவருடைய பல அடையாளங்களில் ஒன்று மட்டுமே. ஒரு மாற்றுத்திறனாளியை வேலைக்களத்தில் வைத்து, வேலையின் மொழியில் சொன்ன இதற்கு நிகரான தமிழ்ச் சிறுகதை குறைவு.

2003-இல் ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ இன்னொரு எல்லையைத் திறந்தது. உடல் சிதைந்தவர்களை விலைக்கு வாங்கிக் கோயில் வாசலில் பிச்சைக்கு வைக்கும் போத்திவேலு பண்டாரம் தன் பெண்களின் திருமணத்துக்காகக் கவலைப்படும் சராசரித் தகப்பன். அவனிடம் சிக்கியவர்கள் அவனுக்கு ‘உருப்படி’கள். அந்த உருப்படிகளோ தங்களுக்குள் கிண்டல் செய்கிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், ஒருவரையொருவர் தேற்றுகிறார்கள். அவர்களில் ஒருத்தியான முத்தம்மைக்குத் தன் குழந்தை மேல் இருக்கும் பாசம் வாசிப்பவரை நடுங்கவைக்கிறது. கொடுமையைச் சொல்லும் நாவலிலும் அவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு பேச்சு இருக்கிறது.

அதை அடிப்படையாகக் கொண்டு 2009-இல் பாலா எடுத்த ‘நான் கடவுள்’ நாவலில் இல்லாத ஒரு முடிவுக்குப் போனது. பார்வையற்ற பாடகி அம்சவல்லி, சிதைந்த முகத்தோடு, தனக்கு விடுதலை கொடுக்கும்படி அகோரியிடம் மன்றாடுகிறாள். அவர் அவளைக் கொன்று ‘விடுவிக்கிறார்’. இயக்கத்துக்காகத் தேசிய விருது பெற்ற படம் அது. ஆனால் ஊனமுற்ற பெண்ணுக்குச் சாவே கருணை என்று சொல்லும் அந்த முடிவு, கலைநயத்தோடு திரும்பி வந்த பழைய மூன்றாவது முடிவுதான்.

இன்று: அன்றாடத்தின் பக்கம்

2007-இல் ராதாமோகனின் ‘மொழி’ வந்தபோது ஒரு மாற்றம் எல்லோருக்கும் தெரிந்தது. ஜோதிகாவின் அர்ச்சனாவுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. மனைவியை அடிப்பவனைத் தெருவில் வைத்து உதைக்கிறாள். தோழியோடு கைமொழியில் கேலி பேசுகிறாள். பிடிக்காததை முகத்துக்கு நேரே மறுக்கிறாள். திருமணத்துக்கு அவள் தயங்குவதற்கு அவளுடைய தந்தை விட்டுப்போன வரலாறு காரணம். அவளை யார் ஏற்பார்கள் என்ற கேள்வியைத் திருப்பி, அவள் யாரை ஏற்பாள் என்று படம் கேட்டது.

2014-இல் ராஜு முருகனின் ‘குக்கூ’ பார்வையற்ற இருவரின் காதலை, பார்வையற்ற நண்பர் கூட்டத்தின் நடுவே வைத்தது. முன்பெல்லாம் கதையில் மாற்றுத்திறனாளி ஒருவர்தான் இருப்பார். சுற்றிலும் உதவுபவர்கள் அல்லது ஏய்ப்பவர்கள். இங்கே அவர்களுக்கென்று ஒரு சமூகம் இருந்தது: மின்ரயில், இசைக்குழு மேடை, நண்பர்களின் நக்கல், கடன், ஏமாற்றம்.

2019-இல் திரைக்கு வந்த ராமின் ‘பேரன்பு’ இன்னும் உள்ளே போனது. மூளை முடக்குவாதம் உள்ள பாப்பா வயதுக்கு வரும் பெண். மம்மூட்டியின் அமுதவன் அவளுக்கு அணையாடை மாற்றும் விதத்தைக் கற்க வேண்டியிருக்கிறது. தொட அனுமதிக்காத மகளிடம் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. வாடகை வீடு கிடைப்பதில்லை, காப்பகத்தை நம்ப முடிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கும் உடல் ஆசை உண்டு என்பதைத் தந்தை ஏற்க வேண்டியிருக்கிறது. பெற்றோர்கள் தங்களுக்குள்ளும் பேசத் தயங்கிய ஒன்றை ஒரு வெகுசனப் படம் மரியாதையோடு பேசியது. பாப்பா யாருக்கும் பாடம் சொல்லிவிட்டுச் சாகவில்லை.

இருந்தாலும் அற்புதம் நம்மை விடவில்லை, உடையை மட்டும் மாற்றிக்கொண்டது. ஒலியை வைத்தே எதிரிகளை வீழ்த்தும் நாயகனும், தனியாகக் கொலையாளியை வேட்டையாடும் பார்வையற்றவரும் இன்று திரையில் சாதாரணம். ஏதோ ஒரு புலன் போனால் இன்னொன்று மாயமாகப் பெருகும் என்ற நம்பிக்கை, சாதாரணத் திறனோடு பாடுபடும் மனிதரை மறுபடியும் மறைத்துவிடுகிறது. பரிதாபத்துக்குரியவர், அதிமனிதர் என்ற இரண்டு பாத்திரங்களுக்கு நடுவில்தான் மனிதர்கள் வாழ்கிறார்கள்.

நீதிமன்றமும் இதைக் கவனித்துவிட்டது. ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படம் குறித்த வழக்கில், 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், காட்சி ஊடகங்கள் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பதற்கான வழிகாட்டுதல்களை வகுத்தது. இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும், உடல்நிலையைச் சரியாக அறிந்து காட்ட வேண்டும், கேலிப்பொருளாகவோ அதிமனிதராகவோ மட்டும் காட்டக் கூடாது, உருவாக்கத்தில் அவர்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்றது. மாற்றுத்திறனாளியைத் தாழ்த்தும் நகைச்சுவைக்கும், அவர் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாட்டையும் சுட்டிக்காட்டியது. இரட்டைப்புலவர்களின் வேடிக்கைப் பாடல்கள் இரண்டாவது வகை. நம் சிரிப்புக் காட்சிகளில் பெரும்பகுதி முதல் வகை.

இன்னும் எழுதப்படாதவை

வாழ்க்கை கதையைவிட வேகமாக மாறிவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் எல்லாம் அதில் உண்டு. இந்த 21-இல் எத்தனைக்குத் தமிழில் ஒரு நாவல் இருக்கிறது?

கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. 2016-க்குப் பிறகு ரூபாய் நோட்டுகளின் அளவு மாறியபோது, விரலால் அளந்து பணம் எண்ணிய பார்வையற்ற வியாபாரி தன் கையின் பழக்கத்தை முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. அவருடைய முதல் ஒரு வாரம் ஒரு சிறுகதை. தேர்வுக்கு முந்தின நாள் வரை சொல்வதை எழுத ஆள் கிடைக்காத கல்லூரி மாணவி ஒரு சிறுகதை. குறைபாட்டுச் சதவீதத்தை உறுதிப்படுத்தச் சான்றிதழ் முகாமில் வரிசையில் நிற்கும் பெரியவர் ஒரு சிறுகதை. மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கான நிரந்தரப் பாதை திறக்கப்பட்டபோது, அதே ஊரில் பிறந்து வளர்ந்தும் அலை வரை போகாதவர்கள் முதன்முறையாகக் கடலை நெருங்கினார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய களம் வேண்டியதில்லை. கைப்பேசியின் திரைவாசிப்பான் அதிவேகமாகப் பேச, அதைக் கேட்டே அலுவலக வேலையும் காதல் கடிதமும் முடிக்கும் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. நம் கதைகளில் அவர்கள் இன்னும் இல்லை.

அவர்கள் இல்லாததற்குக் காரணம் யார் எழுதுகிறார்கள் என்பதில் இருக்கிறது. இங்கே நான் பாராட்டிய படைப்புகளில் பெரும்பாலானவை, அந்த வாழ்க்கையை வெளியிலிருந்து கூர்ந்து பார்த்தவர்கள் உருவாக்கியவை. ‘குக்கூ’வின் காதலர்களாகவும் ‘பேரன்பு’வின் பாப்பாவாகவும் நடித்தவர்கள் அந்தக் குறைபாடு இல்லாத கலைஞர்கள். அவர்களின் உழைப்பு பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் ‘விரல்மொழியர்’ போன்ற மின்னிதழைப் பார்வையற்றவர்களே நடத்தும் காலத்தில், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதத் தெரிந்தவர்கள் தமிழில் போதுமான அளவு இருக்கிறார்கள். பதிப்பாளர்கள் அவர்களைத் தேடிப் போக வேண்டும். நூல்களைத் திரைவாசிப்பான் படிக்கும் வடிவிலும் வெளியிட வேண்டும். இயக்குநர்கள் ஆலோசனைக்கு மட்டும் அழைக்காமல் எழுத்தறைக்கும் நடிப்புக்கும் அழைத்து, உரிய ஊதியம் கொடுக்க வேண்டும்.

ஒரு கதையை எடைபோட எளிய கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பாத்திரத்துக்கு வேலை உண்டா, நண்பர் உண்டா, கோபம் உண்டா, ஆசை உண்டா? அவருடைய துன்பத்துக்குக் காரணமாகக் கதை எதைக் காட்டுகிறது, அவர் உடலையா, படிக்கட்டு மட்டுமே வைத்த கட்டடத்தையா? கதை முடியும்போது அவர் அதே உடலோடு உயிரோடு இருக்கிறாரா? இவற்றுக்குத் தகுந்த பதில் சொல்லும் படைப்புகள் தமிழில் வரத் தொடங்கிவிட்டன என்பது மகிழ்ச்சி. விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் அவை நூற்றுக்கணக்கில் பெருக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு தமிழ் நாவலைத் திறந்தால், தன்னைப் போன்ற ஒருவர் அதில் சம்பளம் வாங்குவதையும் சண்டை போடுவதையும் காதலிப்பதையும் வயதாவதையும் படிக்க முடிய வேண்டும். அது சலுகை அல்ல, இலக்கியம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன்.